பன்னாட்டுக் கட்டுமான ஒப்பந்தங்களில் பிம் மாடல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிம் மாடல் என்பது கட்டடத்தின் வடிவத்தையும் ஒவ்வொரு கூறின் தகவலையும் ஒன்றாக வைத்திருக்கும் முப்பரிமாணக் கணினி மாதிரி. சென்னையில் அது பற்றிய இந்தக் கேள்விகளை இரண்டு வகையினர் கேட்கிறார்கள். ஒரு வகையினர், கிண்டியிலும் பெருங்குடியிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் இருந்துகொண்டு லண்டன் மருத்துவமனைக்கும் துபாய் கோபுரத்துக்கும் மாடல் செய்து அனுப்பும் அலுவலகத்தினர். இன்னொரு வகையினர், வெளிநாட்டு நிதி நிறுவனங்களின் கடனில் நம் ஊரிலேயே நடக்கும் பணிகளில் ஒப்பந்ததாரராகவோ துணை ஒப்பந்ததாரராகவோ இருப்பவர்கள். சென்னை மெட்ரோவின் 118.9 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் கட்டத்துக்கு ஜப்பானின் ஜைக்கா நிறுவனம், ஆசிய வளர்ச்சி வங்கி, ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி, புதிய வளர்ச்சி வங்கி ஆகியவை கடன் தருவதை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். கீழே உள்ளவை இரு வகையினருக்கும் பொதுவான விளக்கங்கள். உங்கள் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துத் தரும் சட்ட ஆலோசனைக்கு இவை ஈடாகா.

பிம் மாடலுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இருக்கிறதா?

இல்லை. அது பெரிய குறையும் அல்ல. 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும், மின்னணு ஆவணத்துக்குச் சட்ட ஏற்பு தரும் 2000 ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமும், 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமும் சேர்ந்தாலே பெரும்பாலான தகராறுகளுக்கு விடை கிடைத்துவிடும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கட்டுமான ஒப்பந்தங்களின் சொற்கள் அனைத்தும் காகித வரைபடத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. வரைபடத்தை ஒருவர் வரைவார், ஒருவர் கையெழுத்திடுவார், ஒரு தேதியில் அது வெளியாகும், திருத்தம் வந்தால் பழையது ரத்தாகும். மாடலோ பல கைகள் ஒரே நேரத்தில் தொடும் பொருள். நேற்று மாலை இருந்த மாடல் இன்று காலை இருப்பதில்லை. அதிலுள்ள ஒரு கதவு வெறும் கோடாக இல்லாமல் தீத்தடுப்பு நேரம், விலை, தயாரிப்பாளர் என்று தகவலைச் சுமந்துகொண்டு நிற்கிறது. எந்தத் தகவலை, எந்தக் கட்டத்தில், யார், எதற்காக நம்பலாம் என்பதை ஒப்பந்தம் சொல்லாமல் விடும்போதுதான் வழக்கு பிறக்கிறது.

ஃபிடிக் ஒப்பந்தப் படிவம் பிம் பற்றி என்ன சொல்கிறது?

ஃபிடிக் என்பது பன்னாட்டு ஆலோசனைப் பொறியாளர் கூட்டமைப்பு. அதன் படிவம் பொது நிபந்தனைகளில் மிகக் குறைவாகவே சொல்கிறது. 1999 பதிப்பில் பிம் என்ற பேச்சே கிடையாது. அட்டை நிறத்தால் பெயர் பெற்ற சிவப்பு, மஞ்சள், வெள்ளிப் புத்தகங்கள் என்ற படிவங்களின் 2017 இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில், சிறப்பு நிபந்தனைகளைத் தயாரிப்பதற்கான வழிகாட்டுதலின் பகுதியாகப் பிம் பற்றிய ஆலோசனைக் குறிப்பு ஒன்று சேர்க்கப்பட்டது. பிம் பயன்படும் பணிகளில் எந்தெந்தப் பிரிவுகளைக் கவனித்துத் திருத்த வேண்டும் என்று அது சுட்டிக்காட்டுகிறதே தவிர, அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்ளத்தக்க பிரிவு எதையும் தரவில்லை.

பிரிட்டனின் என்இசி4 படிவம் ஒரு படி மேலே சென்று, எக்ஸ்10 என்ற விருப்பப் பிரிவில் தகவல் மாதிரியாக்கத்துக்கென்று தனி விதிகளை வைத்திருக்கிறது. அங்கே கட்டுமானத் தொழில் மன்றம் 2013 இல் வெளியிட்டு 2018 இல் திருத்திய பிம் நெறிமுறையும் புழக்கத்தில் உண்டு. அமெரிக்கப் பணிகளில் அந்நாட்டுக் கட்டடக் கலைஞர் அமைப்பான ஏஐஏவின் இ203 போன்ற ஆவணங்கள் வரும். சென்னை அலுவலகம் ஒன்றின் மேசையில் இவற்றுள் எதுவும் வரலாம் என்பதால், முதல் வேலை எந்தப் படிவம், எந்த ஆண்டுப் பதிப்பு என்று பார்ப்பதுதான். 1999 ஃபிடிக் படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டு 2017 படிவத்தின் பிரிவு எண்ணை மேற்கோள் காட்டிக் கடிதம் எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை.

மாடலில் ஓர் அளவும் வரைபடத்தில் வேறோர் அளவும் இருந்தால் எது செல்லும்?

இதுவே அதிகமாக வரும் கேள்வி என்பதால் ஒரு கற்பனைச் சூழலை வைத்தே பார்ப்போம். ஒரு மருத்துவமனைத் தாழ்வாரத்தின் உட்கூரைக்கு மேலே ஏசி டக்ட் போகிறது. கட்டமைப்பு வரைபடத்தில் உத்தரத்தின் ஆழம் 750 மில்லிமீட்டர். மாடலில் அதே உத்தரம் பழைய திருத்தத்தின்படி 600 மில்லிமீட்டராகவே நிற்கிறது. டக்ட் செய்யும் துணை ஒப்பந்ததாரர் மாடலிலிருந்து அளவெடுத்துத் தகடு வெட்டிவிடுகிறார். பணியிடத்தில் தூக்கி மாட்டும்போது 150 மில்லிமீட்டர் இடிக்கிறது. வீணான தகட்டுக்கும் இழந்த மூன்று வாரத்துக்கும் பணம் தருவது யார்?

ஃபிடிக் 2017 சிவப்புப் புத்தகத்தின் 1.5 பிரிவு ஆவணங்களின் முன்னுரிமை வரிசையைத் தருகிறது. ஒப்பந்த உடன்படிக்கை, ஏற்புக் கடிதம், டெண்டர் கடிதம், சிறப்பு நிபந்தனைகள், பொது நிபந்தனைகள், விவரக்குறிப்பு, வரைபடங்கள், அட்டவணைகள் என்று அது இறங்கிச் செல்கிறது. இந்தப் பட்டியலில் மாடல் என்ற சொல் இல்லை. பணியளிப்பவர் தந்த மாடல் 'வரைபடம்' என்ற வரையறைக்குள் வருமா, கடைசி வரியில் உள்ள 'ஒப்பந்தத்தின் பகுதியாகும் பிற ஆவணங்கள்' என்பதற்குள் வருமா, அல்லது வெறும் தகவலுக்காகத் தரப்பட்ட கோப்பா என்று மூன்று வாதங்கள் எழும். மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு முடிவுகள். நம் டக்ட்காரர் முதல் வாதத்தை எடுப்பார், ஒப்பந்ததாரர் இரண்டாவதை எடுப்பார், பணியளிப்பவரின் பொறியாளர் மூன்றாவதை எடுப்பார்.

இதைத் தவிர்க்கச் சிறப்பு நிபந்தனைகளில் ஒரே ஒரு வாக்கியம் போதும். மாடல் முன்னுரிமை வரிசையில் எங்கே நிற்கிறது என்று எழுதிவிட வேண்டும். பல பணிகளில், மாடலிலிருந்து வெட்டியெடுத்து வெளியிடப்பட்ட பிடிஎஃப் வரைபடமே செல்லும், மாடல் துணைக்கு மட்டும் என்று எழுதுகிறார்கள். என் கருத்தில் இது பாதுகாப்பான வழிதான் என்றாலும், அப்படி எழுதிவிட்டு அளவுப் பட்டியலை மட்டும் மாடலிலிருந்து எடுப்பது தனக்குத்தானே குழி பறிப்பது. அளவு எதிலிருந்து எடுக்கப்படுகிறதோ, அதற்கே முன்னுரிமை இருக்க வேண்டும். அல்லது இரண்டும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கும் பொறுப்பை ஒருவர் தலையில் வைத்து, அதற்குக் கூலியும் தர வேண்டும்.

நம் ஊரில் இன்னொரு அடுக்கும் உண்டு. சிஎம்டிஏ உள்ளிட்ட திட்ட அனுமதி அமைப்புகள் முத்திரையிட்டுத் தருவது அங்கீகரிக்கப்பட்ட தட்டை வரைபடத்தைத்தான். தரப்பினர் தங்களுக்குள் மாடலே செல்லும் என்று எழுதிக்கொண்டாலும், அங்கீகரித்த வரைபடத்தினின்று விலகிக் கட்ட அது அனுமதி ஆகாது.

'எஸ்2' என்று குறியிட்டு வந்த மாடலை வைத்து வேலை செய்யலாமா?

செய்யக் கூடாது, செய்தால் உங்கள் பொறுப்பில் செய்ததாகவே கொள்ளப்படும். பிம் தகவல் மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 19650 தர முறையைப் பின்பற்றும் பணிகளில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு நிலைக் குறியீடு இருக்கும். பிரிட்டனில் புழங்கும் வழக்கப்படி எஸ்0 என்பது இன்னும் செய்துகொண்டிருப்பது, எஸ்1 ஒருங்கிணைப்புக்கு, எஸ்2 தகவலுக்கு, எஸ்3 பார்த்துக் கருத்துச் சொல்வதற்கு, ஏ எழுத்தில் தொடங்குபவை ஒப்புதல் பெற்று வெளியானவை. எந்தக் குறியீடு உள்ள கோப்பை எதற்கு நம்பலாம் என்று நெறிமுறையில் எழுதி, அந்த நெறிமுறை ஒப்பந்தத்தின் பகுதி என்றும் சொல்லிவிட்டால், அந்தச் சிறு குறியீடே பொறுப்பின் எல்லையாகிவிடும். மேலே சொன்ன டக்ட் வழக்கில் மாடல் எஸ்2 நிலையில் இருந்ததென்றால் டக்ட்காரரின் வாதம் பெரும்பாலும் அங்கேயே முடிந்துபோகும்.

எல்ஓடி (வளர்ச்சி நிலை) 300, எல்ஓடி 400 என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த எண் ஒரு கூறு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்பதைச் சொல்லும். அது சரியாக இருக்கிறது என்று உத்தரவாதம் தராது. எந்த அமைப்பின் எந்த ஆண்டு வரையறை என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

பிம் செயலாக்கத் திட்டம் தொழில்நுட்ப இணைப்புதானே, அதைச் சட்டத்துறை படிக்க வேண்டுமா?

கட்டாயம் படிக்க வேண்டும். பணியளிப்பவரின் தகவல் தேவைப் பட்டியலும், அதற்கு விடையாக ஒப்பந்ததாரர் தரும் பிம் செயலாக்கத் திட்டமும் பல நூறு பக்கங்களாகப் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கும். பிம் மேலாளர் முந்தைய பணியின் கோப்பை எடுத்துப் பெயரை மாற்றி அனுப்பியிருப்பார். வழக்கறிஞர்கள் முன்பகுதியை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துக்கு அனுப்பியிருப்பார்கள்.

இதில் என்ன ஆபத்து என்பதை 2017 இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் எம்டி ஹோய்கார்ட் எதிர் இ.ஆன் வழக்கில் காட்டியது. ராபின் ரிக் கடல் காற்றாலைக்கு அடித்தளம் போட்ட ஒப்பந்ததாரர், அப்போது எல்லோரும் ஏற்றிருந்த பன்னாட்டுத் தரக்குறியீட்டைப் பின்பற்றியே வடிவமைத்திருந்தார். பிழை அந்தத் தரக்குறியீட்டின் சூத்திரத்திலேயே இருந்தது. ஆனாலும் தொழில்நுட்பத் தேவைகள் என்ற இணைப்பின் உள்ளே ஒரு பத்தியில், அடித்தள வடிவமைப்பு 20 ஆண்டு ஆயுளை உறுதிசெய்ய வேண்டும் என்றிருந்த வரி ஒப்பந்ததாரரைக் கட்டுப்படுத்தியது. சீரமைப்புச் செலவான 2.6 கோடி யூரோவுக்கும் மேற்பட்ட தொகை அவர் தலையில் விழுந்தது. இந்தத் தீர்ப்பு பிம் பற்றியது அல்ல. ஆனால் 'மாடல் எவ்வித மோதலுமின்றி இருக்கும்' என்றோ 'மாடல் கட்டடத்தை முழுமையாகப் பிரதிபலிக்கும்' என்றோ செயலாக்கத் திட்டத்தில் யாரோ நல்லெண்ணத்தோடு எழுதிவைத்த வரி, நியாயமான திறமையும் கவனமும் என்ற வழக்கமான அளவுகோலைத் தாண்டி முழு உத்தரவாதமாக மாறக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டியதில்லை.

கிளாஷ் அறிக்கை (மாடலில் கூறுகள் ஒன்றோடொன்று மோதும் இடங்களின் பட்டியல்) அனுப்பிவிட்டோம். அது நோட்டீஸ் ஆகாதா?

பெரும்பாலும் ஆகாது. ஃபிடிக் 2017 படிவத்தில் நோட்டீஸ் என்பது எழுத்தில் இருக்க வேண்டும், தன்னை நோட்டீஸ் என்று அடையாளப்படுத்த வேண்டும், ஒப்பந்தத் தரவில் குறித்த முகவரிக்கோ மின்னணு முறைக்கோ போய்ச் சேர வேண்டும். வாராந்திர ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் திரையில் சிவப்பு வட்டமிட்டுக் காட்டியதும், மாடலில் குறிப்பு எழுதிவைத்ததும், வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டதும் இந்தத் தேவையை நிறைவேற்றா. பணியின் கோப்புகளை எல்லோரும் பகிரும் பொதுத் தரவுத் தளத்தின் வழியே அனுப்புவதை நோட்டீஸாக ஏற்பதென்றால் அந்தத் தளத்தின் பெயரை ஒப்பந்தத் தரவிலேயே எழுதிவைக்க வேண்டும்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு பக்கம் உண்டு. 20.2.1 பிரிவின்படி, கோரிக்கைக்குக் காரணமான நிகழ்வை அறிந்த நாளிலிருந்து, அல்லது அறிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து, 28 நாட்களுக்குள் நோட்டீஸ் தர வேண்டும். காகித வரைபடக் காலத்தில் எப்போது அறிந்தார் என்பதை நிறுவுவது கடினம். இப்போதோ பொதுத் தரவுத் தளத்தின் பதிவேடு, எந்தப் பொறியாளர் எந்தக் கோப்பை எந்த நாள் எத்தனை மணிக்குத் திறந்தார் என்று சொல்லிவிடும். உங்கள் அலுவலகத்தின் இளநிலை மாடலர் ஒருவர் மார்ச் 3 அன்று திருத்திய கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார் என்றால், எதிர்த்தரப்பு 28 நாட்களை அன்றிலிருந்து எண்ணத் தொடங்கும்.

ஒப்பந்தத்துக்கு இந்தியச் சட்டம் பொருந்தினால் சற்று மூச்சுவிட இடமுண்டு. குறிப்பிட்ட கெடு முடிந்ததும் ஒருவரின் உரிமையே அழிந்துபோகும் என்று சொல்லும் நிபந்தனையை ஒப்பந்தச் சட்டத்தின் 28 ஆம் பிரிவு செல்லாததாக்குகிறது. 28 நாள் கெடு அதற்குள் அடங்கும் என்று வாதாடலாம். அந்த வாதம் எல்லா நேரமும் வெல்லும் என்று நம்பி நோட்டீஸைத் தள்ளிப்போடுவது புத்திசாலித்தனம் ஆகாது. ஆங்கிலச் சட்டம் பொருந்தும் ஒப்பந்தத்தில் அந்த வாதமும் கிடையாது.

மோதல் இல்லாத மாடல் கொடுத்தும் கட்ட முடியவில்லை என்றால் யார் பொறுப்பு?

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் உயிர் அறிவியல் கட்டடத்தில் நடந்தது இத்துறையில் பலரும் சுட்டும் நிகழ்வு. கட்டடக் கலைஞரும் இயந்திர, மின், குழாய்ப் பொறியாளரும் மாடலைப் பயன்படுத்தி எல்லா அமைப்புகளையும் உட்கூரைக்கு மேலே மிக நெருக்கமாகப் பொருத்திவிட்டார்கள். மாடலில் மோதல் எதுவும் இல்லை. ஆனால் அவற்றை ஒரு குறிப்பிட்ட வரிசையில் பொருத்தினால்தான் இடம் போதும் என்பதை ஒப்பந்ததாரருக்குச் சொல்லவில்லை. ஏறத்தாழ 70 சதவீதம் பொருத்திய பிறகு இடம் தீர்ந்துபோனது. ஒப்பந்ததாரர் வழக்குப் போட்டார், பணியளிப்பவர் கட்டடக் கலைஞர் மீது போட்டார், பொறியாளரும் உள்ளே இழுக்கப்பட்டார். கடைசியில் காப்பீட்டாளர்களும் தரப்பினரும் சேர்ந்து பெருந்தொகை கொடுத்துச் சமரசமாயிற்று.

மென்பொருள் மோதலைத்தான் கண்டுபிடிக்கும். ஆள் நுழைந்து ஸ்பானர் பிடிக்க இடமிருக்கிறதா என்று, கேட்டாலன்றி, அது சொல்லாது. எனவே ஒருங்கிணைப்பாளர் பொறுப்பை ஏற்கும் சென்னை அலுவலகம், தன் கடமை மாடல்களை இணைத்து மோதல் அறிக்கை தருவதோடு முடிகிறதா, மோதலைத் தீர்ப்பதும் தன் கடமையா, பொருத்தும் வரிசையைச் சொல்வதும் தன் கடமையா என்பதைக் கட்டணம் பேசும்போதே பிரித்து எழுதிக்கொள்ள வேண்டும். முதலாவதற்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு மூன்றாவதற்கும் பொறுப்பேற்கும் ஒப்பந்தங்கள் மிகுதி.

மாடல் யாருக்குச் சொந்தம்?

'மாடல்' என்ற ஒரே பொருள் இருப்பதாக நினைத்துக் கேட்கும்போதே குழப்பம் தொடங்கிவிடுகிறது. கட்டமைப்புப் பொறியாளரின் கோப்பு, கட்டடக் கலைஞரின் கோப்பு, குழாய்ப் பொறியாளரின் கோப்பு ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதே இணைப்பு மாடல். பதிப்புரிமைச் சட்டத்தின்படி பலர் சேர்ந்து உருவாக்கியது கூட்டுப் படைப்பு ஆக வேண்டுமென்றால், ஒருவரின் பங்கை இன்னொருவரின் பங்கிலிருந்து பிரித்தறிய முடியாதிருக்க வேண்டும். இணைப்பு மாடலில் ஒவ்வொரு கூறும் யாருடையது என்று தெளிவாகத் தெரிவதால், அவரவர் கோப்பு அவரவர் படைப்பாகவே நிற்கிறது. எல்லோரும் ஒரே மையக் கோப்பில் ஏறி வேலை செய்தால் இந்தப் பிரிப்பு மங்கத் தொடங்கும். மாடலில் உள்ள அட்டவணைகளும் தரவும் கணினித் தரவுத்தொகுப்பு என்ற வகையில் இலக்கியப் படைப்பாகவும், வடிவம் கலைப்படைப்பாகவும் தனித்தனியே பாதுகாப்புப் பெற முடியும்.

ஃபிடிக் 1.10 பிரிவின்படி ஒப்பந்ததாரர் தயாரித்த ஆவணங்களின் பதிப்புரிமை அவரிடமே இருக்கும். பணியளிப்பவருக்கு அவற்றைப் படியெடுக்கவும் பயன்படுத்தவும் மாற்றவும், பிறருக்குக் கைமாற்றத்தக்க, தனியுரிமை அல்லாத உரிமம் கிடைக்கும். கட்டடத்தைப் பராமரிக்கவும் விரிவாக்கவும் அது போதும். பணியளிப்பவர்கள் முழு உரிமையையும் எழுதி வாங்கத் துடிப்பதில் பெரும்பகுதி தேவையற்றது. அவர்களுக்கு உண்மையில் வேண்டியது திருத்தக்கூடிய மூலக் கோப்பு. உரிமை கையில் இருந்தும் கோப்பு பிடிஎஃப் ஆக மட்டும் வந்தால் என்ன பயன்? ஒப்படைக்க வேண்டிய கோப்பு வடிவத்தை உரிமப் பிரிவிலேயே எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

தன் வடிவமைப்பைத் திருடிக் கட்டுகிறார்கள் என்று நீதிமன்றம் போகிறவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். கட்டுமானம் தொடங்கிவிட்டால் அதை நிறுத்தத் தடையாணையோ இடிக்க உத்தரவோ பெற முடியாது என்று நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 59 ஆம் பிரிவு சொல்கிறது. இழப்பீடு மட்டுமே மிஞ்சும்.

வெளியாட்களை வைத்து மாடல் செய்கிறோம். தனியாக எழுதி வாங்க வேண்டுமா?

ஆம், அதுவும் கவனமாக. சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியரின் படைப்புக்கு நிறுவனமே முதல் உரிமையாளர். வீட்டிலிருந்து வேலைக்கணக்கில் செய்து தரும் மாடலருக்கு இது பொருந்தாது. உரிமை அவரிடமே இருக்கும். அவரிடமிருந்து எழுத்தில் உரிமைமாற்றம் வாங்கும்போது பதிப்புரிமைச் சட்டத்தின் 19 ஆம் பிரிவின் வலையில் பலர் விழுகிறார்கள். காலம் குறிப்பிடாவிட்டால் மாற்றம் ஐந்து ஆண்டுக்கு மட்டுமே; எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே. லண்டன் வாடிக்கையாளருக்கு உலகம் முழுவதற்குமான உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டு, தாம்பரத்தில் உள்ள மாடலரிடம் 'அனைத்து உரிமைகளும் மாற்றப்படுகின்றன' என்று ஒரே வரியில் கையெழுத்து வாங்கிய அலுவலகம், தன்னிடம் இல்லாததை விற்றிருக்கிறது.

கட்டணம் வரவில்லை. மாடலுக்கான அணுகலை மூடிவிடலாமா?

கை அரிப்பது புரிகிறது. மூடுவதற்கு முன் ட்ராண்ட் எதிர் மாட் மெக்டொனால்ட் வழக்கைப் படியுங்கள். ஃபாக்லாந்து தீவுகளில் பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகத்துக்கான மின் நிலையப் பணி அது. வடிவமைப்பு ஆலோசகரே பொதுத் தரவுத் தளத்தையும் நடத்தினார். கட்டணத் தகராறு முற்றியதும் கடவுச்சொற்களை ரத்து செய்தார். ஒப்பந்ததாரரால் வடிவமைப்புத் தரவைத் தொட முடியவில்லை. ஒப்பந்தமே உருவானதா இல்லையா என்றுகூடத் தரப்பினருக்குள் ஒத்த கருத்து இல்லை. 2017 இல் லண்டனின் தொழில்நுட்ப, கட்டுமான நீதிமன்றம், ஒப்பந்ததாரர் 4,75,000 பவுண்டை நீதிமன்றத்தில் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையுடன், ஏற்கெனவே தளத்தில் வைக்கப்பட்ட தரவுக்கு அணுகலைத் திறந்துவிடுமாறு இடைக்கால ஆணை பிறப்பித்தது.

இந்தியாவில் இப்படியொரு சூழல் வந்தால் மாடலைப் பிடித்துவைக்கும் உரிமை இருக்கிறதா? ஒப்பந்தச் சட்டத்தின் 171 ஆம் பிரிவு தரும் பொதுப் பற்றுரிமை வங்கியர், முகவர், துறைமுகக் கிடங்காளர், உயர் நீதிமன்ற வழக்குரைஞர், காப்பீட்டுத் தரகர் ஆகியோருக்கு மட்டும். பொறியாளர் பட்டியலில் இல்லை. 170 ஆம் பிரிவு ஒப்படைக்கப்பட்ட சரக்கைப் பற்றியது. சர்வரில் கிடக்கும் கோப்பைச் சரக்கு என்று நிறுவுவது எளிதல்ல. ஆகவே ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதாமல் அணுகலை மூடுபவர் தானே ஒப்பந்தத்தை மீறியவராகும் அபாயம் பெரிது. தகராறு பன்னாட்டு வணிக நடுவத் தீர்ப்புக்கு (ஆர்பிட்ரேஷன்) உரியதாக இருந்தால், எதிர்த்தரப்பு 1996 ஆம் ஆண்டின் நடுவத் தீர்ப்புச் சட்டத்தின் 9 ஆம் பிரிவின் கீழ் நேராகச் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகலாம். நடுவத் தீர்ப்பின் இருக்கை (சட்டப்படியான இடம்) சிங்கப்பூரிலோ லண்டனிலோ இருந்தாலும், விலக்கி எழுதாத வரை, 2015 திருத்தம் அந்த வழியைத் திறந்து வைத்திருக்கிறது.

ஃபிடிக் 16.1 பிரிவு, பணம் வராத ஒப்பந்ததாரருக்கு 21 நாள் நோட்டீஸ் தந்துவிட்டுப் பணியை நிறுத்த உரிமை தருகிறது. புதிய வேலையை நிறுத்துவதும், கொடுத்ததைப் பறிப்பதும் ஒன்றல்ல. முன்னதைச் செய்யுங்கள். தளத்தின் சந்தாவை யார் பெயரில் வாங்குவது என்பதைப் பணியளிப்பவர்கள் யோசிக்க வேண்டிய இடமும் இதுதான். தரவுத் தளம் தகராறில் ஒரு தரப்பாகக்கூடியவரின் கையில் இருக்கக் கூடாது.

சர்வர் வெளிநாட்டில் இருக்கலாமா?

வடிவமைப்பு மாடலுக்குப் பொதுவாகத் தடையில்லை. ஆனால் மாடலுக்குள் நில அளவைத் தரவு இருந்தால் கவனம் தேவை. அறிவியல் தொழில்நுட்பத் துறை 2021 பிப்ரவரி 15 அன்று வெளியிட்ட புவிசார் தரவு வழிகாட்டுதல்களின்படி, கிடைமட்டத்தில் 1 மீட்டர், செங்குத்தில் 3 மீட்டர் என்ற வரம்பைவிடத் துல்லியமான வரைபடத்தையும் புவிசார் தரவையும் இந்திய நிறுவனங்களே உருவாக்கி வைத்திருக்கலாம். அவற்றை இந்தியாவுக்குள்ளேயே சேமித்துச் செயலாக்க வேண்டும். சாலையில் வண்டியை ஓட்டிக்கொண்டே லேசர் அளவை எடுப்பது எந்தத் துல்லியத்திலும் இந்திய நிறுவனங்களுக்கு மட்டுமே அனுமதி. லேசர் அளவையின் துல்லியம் மில்லிமீட்டரில் இருப்பதால், அண்ணா சாலையில் ஒரு மெட்ரோ நிலையத்தைச் சுற்றி எடுத்த புள்ளிமேகத்தை (லேசர் அளந்த புள்ளிகளின் தொகுப்பை) ஐரோப்பிய ஆலோசகரின் சர்வருக்கு அனுப்புவதற்கு முன் இந்த வழிகாட்டுதலைப் பார்த்தாக வேண்டும். கூட்டு நிறுவனத்தில் வெளிநாட்டுக் கூட்டாளி இருந்தால் அளவைத் தரவையும் வடிவமைப்பையும் தனித்தனிக் கோப்பாக வைப்பதே என் பரிந்துரை.

தளத்தில் ஊடுருவல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்றும் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த ஆணை சொல்வதையும் தளம் நடத்துபவர் மறக்கக் கூடாது.

காப்பீடு இருக்கிறதே, போதாதா?

தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு கவனக்குறைவுக்கானது. முழு உத்தரவாதம் கொடுத்ததால் வந்த பொறுப்பை அது பொதுவாக ஏற்பதில்லை. அமெரிக்க, கனடா நீதிமன்றக் கோரிக்கைகளை விலக்கி வைக்கும் பாலிசிகளும் உண்டு. பாலிசியின் புவி எல்லையைப் பாருங்கள்.

நடுவர் முன் மாடலைச் சான்றாக வைப்பது எப்படி?

நடுவர் தீர்ப்பாயத்தைச் சாட்சியச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று 1996 ஆம் ஆண்டின் நடுவத் தீர்ப்புச் சட்டத்தின் 19 ஆம் பிரிவு சொல்கிறது. இருந்தாலும் விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63 ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழ் தேவைப்படும்; அதில் கோப்பின் ஹேஷ் மதிப்பையும் (கோப்பு மாறினால் தானும் மாறிவிடும், கைரேகை போன்ற குறியீடு) எழுத வேண்டும். தகராறு வந்த பிறகு ஹேஷ் எடுத்தால் அன்றைய கோப்பைத்தான் அது உறுதிப்படுத்தும்; சென்ற ஆண்டு ஆகஸ்டில் மாடல் எப்படி இருந்தது என்பதை அல்ல. ஆகவே மாதந்தோறும், ஒவ்வொரு முக்கிய வெளியீட்டின்போதும், இணைப்பு மாடலை உறையவைத்து ஹேஷ் மதிப்பைக் கூட்டக் குறிப்பில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுவது நல்லது. அரை மணி நேர வேலை இது. இதைச் செய்யாத பணிகளில் கால நீட்டிப்புக் கோரிக்கைக்காக நிபுணர்கள் மாதக்கணக்கில் பழைய மாடலை மீட்டெடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பணி முடிந்தபின் கோப்புகளை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும்?

எந்த நாட்டுப் பணி என்பதைப் பொறுத்தது. இந்தியாவில் ஒப்பந்த மீறலுக்கு வழக்குத் தொடுக்கும் கெடு மூன்று ஆண்டு. ஆங்கிலச் சட்டத்தில் சாதாரண ஒப்பந்தத்துக்கு ஆறு, 'டீட்' எனப்படும் முறைசார்ந்த பத்திரமாகச் செய்ததற்குப் பன்னிரண்டு. குடியிருப்புக் குறைகள் தொடர்பான சில கோரிக்கைகளுக்கு 2022 ஆம் ஆண்டின் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் பதினைந்து ஆண்டும், முன்பே முடிந்த பணிகளுக்கு முப்பது ஆண்டும் ஆக்கிவிட்டது. வளைகுடா நாடுகள் பலவற்றில் கட்டமைப்புக் குறைக்குப் பத்தாண்டுப் பொறுப்பு உண்டு.

கோப்பு இருந்தால் மட்டும் போதாது, திறக்கவும் வேண்டும். ரெவிட் என்ற பிம் மென்பொருளின் கோப்பைப் புதிய பதிப்பில் திறந்து சேமித்துவிட்டால் பழைய பதிப்புக்குத் திருப்ப முடியாது. அப்படிச் சேமித்த கோப்பு அன்று ஒப்படைத்த கோப்பு அல்ல என்று எதிர்த்தரப்பு சொல்லும். ஆகவே ஒப்படைத்த மூலக் கோப்பை யாரும் திருத்த முடியாத இடத்தில் அப்படியே வையுங்கள். அதனுடன் ஐஎஸ்ஓ 16739 தரத்திலான, தனி மென்பொருள் ஒன்றைச் சாராத ஐஎஃப்சி கோப்பு, வெளியிட்ட பிடிஎஃப் வரைபடங்கள், தரவுத் தளத்தின் பதிவேடு ஆகியவற்றையும் ஒரே தேதியில் எடுத்து வையுங்கள். அந்தப் பதிவேட்டைச் சந்தா முடிவதற்கு முன்பே இறக்கிக்கொள்ள வேண்டும்.